கிரிட் பக்கத்தில் வரிசை இடைவெளியும் நெடுவரிசை இடைவெளியும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஒரு இனிப்புக் கடைக்கு இணையப் பக்கம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு இனிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், அதன் கீழே பெயர், அதற்கும் கீழே விலை. கணினித் திரையில் நான்கு நான்காக இரண்டு வரிசை வர வேண்டும். கைபேசியில் இரண்டிரண்டாக வர வேண்டும். படமும் எழுத்தும் தயார். மிச்சமிருப்பது அவற்றுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது, அதை எங்கே எழுதுவது என்பதுதான். பக்கம் நிதானமாகத் தெரிகிறதா, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறதா என்பதைப் பெரும்பாலும் இந்த இடைவெளியே முடிவு செய்கிறது.

அந்தப் பக்கத்தையே படிப்படியாகச் செய்துபார்ப்போம். ஹெச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் நாலு வரி எழுதத் தெரிந்தால் போதும். சிஎஸ்எஸ் பண்புகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். கிளாஸ் பெயரை மட்டும் தமிழிலேயே வைக்கலாம். கோப்பு யுடிஎஃப்-8 ஆக இருந்தால் சிஎஸ்எஸ் அதைத் தடையில்லாமல் ஏற்றுக்கொள்ளும். கீழே வரும் ‘இனிப்புகள்’ அப்படி வைத்த பெயர்.

முதல் படி: கட்டம் போடுவது

ஓர் இனிப்பின் படம், பெயர், விலை மூன்றும் சேர்ந்ததை ஓர் அட்டை என்போம். எட்டு அட்டைகளையும் ஒரே டிவ்வுக்குள் வையுங்கள். அந்த வெளி டிவ்வுக்கு ‘இனிப்புகள்’ என்று கிளாஸ் கொடுங்கள். இனி அதைக் கன்டெய்னர் என்று சொல்வோம். அதற்கான சிஎஸ்எஸ் இவ்வளவுதான்:

.இனிப்புகள் {
டிஸ்ப்ளே: கிரிட்;
கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்: ரிபீட்(4, 1எஃப்ஆர்);
கேப்: 24பிஎக்ஸ்;
}

முதல் வரி கன்டெய்னரைக் கிரிட், அதாவது கட்ட அமைப்பு, ஆக்குகிறது. இரண்டாவது வரி நான்கு சம நெடுவரிசைகளைக் கேட்கிறது. மூன்றாவது வரிதான் நம் விஷயம்: அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே, பக்கவாட்டிலும் மேல்கீழாகவும், 24 பிக்சல்.

பிரவுசர் இதை எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால், பின்னால் வரும் பாதிக் குழப்பம் வரவே வராது. கன்டெய்னரின் அகலம் 1200 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நெடுவரிசைக்கு நடுவே மூன்று இடைவெளிகள். 24 வீதம் 72 பிக்சல். இந்த 72-ஐ பிரவுசர் முதலில் ஒதுக்கி வைத்துவிடுகிறது. மீதி 1128. அதை நான்காகப் பங்கிட்டால் ஒரு அட்டைக்கு 282 பிக்சல். எஃப்ஆர் என்ற அலகு இப்படித்தான் வேலை செய்கிறது. இடைவெளி போக மிஞ்சியதில் ஒரு பங்கு அது.

இதே இடத்தில் எஃப்ஆர் போடாமல் ‘25 சதவீதம்’ என்று நான்கு முறை எழுதினால் என்ன ஆகும்? சதவீதம் முழு 1200-இல் கணக்கிடப்படும். ஆளுக்கு 300 என்று நான்கு அட்டைகளே 1200-ஐ எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் 72 பிக்சல் இடைவெளி. மொத்தம் 1272. நான்காவது அட்டை கன்டெய்னரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பக்கத்தின் அடியில் இடவலமாக நகர்த்தும் ஸ்க்ரோல் பட்டை முளைக்கும். சதவீதத்தையும் கேப்பையும் ஒன்றாகப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சின்னக் கணக்கு. ஏதாவது ஓர் இனிப்பின் அட்டையை இரண்டு நெடுவரிசை அகலத்துக்குப் பெரிதாக்கினால், அதன் அகலம் 564 அல்ல, 588. இரண்டு 282-உம், நடுவில் இருந்த 24-உம் சேர்ந்துகொள்கின்றன. பெரிய அட்டைக்குப் படம் வெட்டும்போது இந்த 24-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கன்டெய்னரில் எழுதுங்கள், அட்டையில் எழுதாதீர்கள்

கிரிட் வருவதற்கு முன் இந்த வேலையை மார்ஜினால், அதாவது ஒவ்வொரு அட்டைக்கும் வெளியே விடும் இடத்தால், செய்தார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் வலப்பக்கம் 24 பிக்சல் மார்ஜின். அப்புறம், வரிசையின் கடைசி அட்டைக்கு அது வேண்டாம் என்பதால், ஒவ்வொரு நான்காவது அட்டைக்கும் மார்ஜினைப் பூஜ்யம் ஆக்க ஒரு விதி. டேப்லெட்டில் மூன்று நெடுவரிசை வேண்டும் என்றால் நான்காவதற்குப் போட்ட விதியை ரத்து செய்து, மூன்றாவதற்கு ஒரு புதிய விதி. நடுவில் ஓர் அட்டையை மறைத்தால் எண்ணிக்கை தவறி எல்லாம் குலையும். வேறு சிலர் கன்டெய்னருக்கே எதிர்மறை மார்ஜின் கொடுத்துச் சமாளித்தார்கள்.

2017 மார்ச்சில் குரோம் 57, ஃபயர்ஃபாக்ஸ் 52, சஃபாரி 10.1 மூன்றும் ஒரே மாதத்தில் கிரிட்டைக் கொண்டுவந்தன. அதோடு இந்தச் சிரமம் தீர்ந்தது. கேப் என்பது அட்டைகளின் பண்பு அல்ல, அவற்றை வைத்திருக்கும் கன்டெய்னரின் பண்பு. எத்தனை அட்டை வந்தாலும் போனாலும், மூன்றாக அடுக்கினாலும் ஐந்தாக அடுக்கினாலும், இரண்டு அட்டைக்கு நடுவே மட்டும் இடம் விழும். ஓர் அட்டை தனக்கு வெளியே எவ்வளவு இடம் வேண்டும் என்பதைத் தானே சுமந்துகொண்டு திரியக் கூடாது. இந்தப் பழக்கம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டால், அதே அட்டையை நாளைக்கு வேறு பக்கத்தில் எடுத்துப் போடும்போது எதையும் திருத்த வேண்டியிருக்காது.

பழைய பாடங்களில் ‘கிரிட்-கேப்’, ‘கிரிட்-ரோ-கேப்’, ‘கிரிட்-காலம்-கேப்’ என்று பார்ப்பீர்கள். அவை இதே பண்புகளின் முந்தைய பெயர்கள். பிரவுசர்கள் இன்னும் புரிந்துகொள்கின்றன என்றாலும் புதிதாக எழுதும்போது முன்னொட்டில்லாமல் எழுதுங்கள். ஃபிளெக்ஸ் என்ற இன்னொரு அடுக்கு முறையிலும் இதே கேப்தான். அங்கே கடைசியாக வந்து சேர்ந்தது சஃபாரி, 2021 ஏப்ரலில் வந்த 14.1 பதிப்பில்.

இரண்டாவது படி: வரிசைக்கு ஒன்று, நெடுவரிசைக்கு ஒன்று

24 பிக்சலைப் போட்டுப் பக்கத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் நன்றாக இருக்கும். மேல்கீழாகப் பார்த்தால் ஏதோ இடிக்கும். முதல் வரிசையின் விலை எழுத்து, இரண்டாவது வரிசையின் படத்தை ஒட்டி நிற்பதுபோலத் தோன்றும். ‘ரூ. 320’ என்பது மேலே உள்ள பால்கோவாவின் விலையா, கீழே உள்ள மைசூர்பாகின் விலையா என்று கண் ஒரு கணம் தயங்கும்.

அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாகப் பார்க்கும் என்பது 1923-இலேயே மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் எழுதிவைத்த விஷயம். நம் அட்டையில் படத்துக்கும் பெயருக்கும் நடுவே ஒரு சின்ன இடம், பெயருக்கும் விலைக்கும் நடுவே இன்னொரு சின்ன இடம் இருக்கின்றன. அட்டைக்கு உள்ளே இருக்கும் இந்த இடங்களைவிட, அட்டைக்கும் கீழ் அட்டைக்கும் நடுவே உள்ள இடம் தெளிவாகப் பெரிதாக இருந்தால்தான் கண் சரியாகப் பிரிக்கும். பக்கவாட்டில் அந்தச் சிக்கல் இல்லை. படத்தின் ஓரமே எல்லை போட்டுவிடுகிறது.

ஆகவே படத்துக்குக் கீழே எழுத்து வரும் எந்தக் கட்டத்திலும் வரிசை இடைவெளியை நெடுவரிசை இடைவெளியைவிடப் பெரிதாக வையுங்கள். நம் பக்கத்துக்கு இப்படி:

கேப்: 40பிஎக்ஸ் 24பிஎக்ஸ்;

இரண்டு எண் கொடுத்தால் முதல் எண் வரிசைகளுக்கு நடுவே, இரண்டாவது எண் நெடுவரிசைகளுக்கு நடுவே. மார்ஜினுக்கு இரண்டு எண் கொடுக்கும்போதும் முதலில் மேல்கீழ், பிறகு பக்கவாட்டு என்றுதான் வரும், அதே ஒழுங்கு. தனித்தனியாக எழுத விரும்பினால் ‘ரோ-கேப்’, ‘காலம்-கேப்’ என்று இரண்டு வரி. ரோ-கேப் என்பது ஒரு வரிசைக்குள் அட்டைகளுக்கு நடுவே விழும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே, கிடையாக ஓடும் பட்டை அது.

தமிழ்ப் பக்கங்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். நம் எழுத்தில் இகர, ஈகாரக் கொக்கிகள் மேலேயும் உகர, ஊகாரச் சுழிகள் கீழேயும் நீள்கின்றன. அதனால் லைன்-ஹைட்டை (வரியின் உயரத்தை) 1.6 அளவுக்காவது வைக்க வேண்டியிருக்கும். வரிக்கும் வரிக்கும் நடுவே இடம் கூடும்போது, அதற்கேற்ப வரிசை இடைவெளியும் கூட வேண்டும். ஆங்கில மாதிரியில் அழகாக இருந்த 16 பிக்சல், தமிழ் எழுத்தைப் போட்டதும் போதாமல் போவது இதனால்தான்.

அட்டைக்குப் பின்னணி நிறமோ கரையோ இருந்தால் நிலைமை வேறு. அப்போது எல்லை தெளிவாகத் தெரிகிறது, இரண்டு திசையிலும் ஒரே அளவு விட்டாலே சரியாக இருக்கும்.

மூன்றாவது படி: வெளி ஓரம்

கேப் உள்ளே மட்டும்தான் விழும். முதல் நெடுவரிசைக்கு இடப்பக்கத்திலும், கடைசி வரிசைக்குக் கீழேயும் ஒன்றும் விழாது. அங்கே இடம் வேண்டுமென்றால் கன்டெய்னருக்குப் பேடிங், அதாவது அதன் உள் ஓர இடம், கொடுங்கள். கைபேசியில் பக்கவாட்டுப் பேடிங்கையும் காலம்-கேப்பையும் ஒரே அளவாக வைப்பது என் வழக்கம். கணினியில் பேடிங் பெரிதாக இருக்கலாம்.

நான்காவது படி: கைபேசி

திரைக்குத் தகுந்தபடி நெடுவரிசைகளைப் பிரவுசரே முடிவு செய்யட்டும் என்று விட ஒரு வழி இருக்கிறது. நான்கு என்ற எண்ணுக்குப் பதில் ‘ஆட்டோ-ஃபில்’ என்று போட்டு, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மின்மேக்ஸ் மூலம் குறைந்தபட்ச அகலத்தைச் சொல்லிவிட வேண்டும்:

கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்: ரிபீட்(ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ்(160பிஎக்ஸ், 1எஃப்ஆர்));

“160-க்குக் குறையாமல் எத்தனை நெடுவரிசை வருமோ அத்தனை போடு, மிஞ்சியதைச் சமமாகப் பிரித்துக்கொள்” என்று பொருள். பலருக்கு இங்கேதான் சறுக்குகிறது. 360 பிக்சல் அகலக் கைபேசியில் இரண்டு 160 தாராளமாகப் போகுமே, ஏன் ஒன்றுதான் வருகிறது என்று கேட்பார்கள்.

கணக்குப் போடுவோம். 360-இல் இரண்டு பக்கமும் 16 பிக்சல் பேடிங் போனால் மீதி 328. இரண்டு அட்டைக்கு 320. நடுவில் 16 பிக்சல் கேப். மொத்தம் 336 வேண்டும், இருப்பதோ 328. எட்டு பிக்சல் குறைகிறது என்பதால் இரண்டாவது அட்டை கீழே இறங்கிவிடுகிறது. கேப்பை 8 ஆக்கினால் 160, 8, 160 என்று சரியாக 328-இல் உட்கார்ந்துவிடும். ஆனால் அட்டைகளை நெருக்கியடிப்பதைவிட, குறைந்தபட்ச அகலத்தை 150 ஆக்குவது நல்லது. அப்போது 16 பிக்சல் கேப் அப்படியே இருக்கும். மீதி 312-ஐ இரண்டாகப் பிரித்து ஆளுக்கு 156 கிடைக்கும். ஆட்டோ-ஃபில் போட்ட கட்டத்தில் கேப்பை மாற்றினால் நெடுவரிசை எண்ணிக்கையே மாறலாம் என்பதை மனதில் வையுங்கள். கணினியில் நான்குக்கு மேல் போகக் கூடாது என்றால் திரை அகலத்தைப் பார்த்து விதியை மாற்றும் மீடியா கொயரி ஒன்று எழுதி, அங்கே மட்டும் பழையபடி நான்கு என்று சொல்லிவிடலாம்.

கேப்பின் அளவும் திரையோடு வளர வேண்டுமென்றால் ‘கிளாம்ப்’ இருக்கிறது. குறைந்தது 12 பிக்சல், நடுவில் திரை அகலத்தில் 2 சதவீதம், அதிகபட்சம் 24 பிக்சல் என்று மூன்று மதிப்புகளைக் கொடுங்கள். 360 திரையில் 2 சதவீதம் 7.2 தான் வரும், அதனால் 12 நிற்கும். 1000 திரையில் 20. 1200-க்கு மேல் எப்போதும் 24. நடு மதிப்பைச் சதவீதக் குறியோடு எழுதாமல், திரை அகலத்தில் நூறில் ஒரு பங்கைக் குறிக்கும் விடபிள்யூ அலகில் எழுத வேண்டும். ரோ-கேப்புக்குச் சதவீதம் கொடுத்தால் அது உயரத்தை வைத்துக் கணக்கிடப்படும். உயரம் சொல்லாத கன்டெய்னரில் கடைசி வரிசை அடியில் வழிந்து வெளியே போகக்கூடும்.

சின்னச் சின்ன பட்டன்களைக் கட்டத்தில் அடுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற அணுகல்தன்மை வரையறை, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், அல்லது அந்தக் குறையை ஈடுகட்டும் அளவுக்குச் சுற்றிலும் இடம் இருக்க வேண்டும் என்கிறது. விரல் நடுங்கும் ஒருவர் தவறான பட்டனை அழுத்திவிடாமல் காப்பது அந்த இடைவெளிதான்.

கேப்பைப் பூஜ்யம் ஆக்கியும் இடம் போகவில்லையா?

எழுதியது 24, திரையில் தெரிவது ஐம்பதோ நூறோ. கேப்பை மேலும் கீழும் மாற்றிப் பார்த்துக் களைத்துப்போவதற்கு முன் பிரவுசரில் எஃப்12 அழுத்தி டெவலப்பர் டூல்ஸைத் திறங்கள். குரோமில் எலிமென்ட்ஸ் பகுதியில் கன்டெய்னருக்குப் பக்கத்தில் ‘கிரிட்’ என்று ஒரு சின்ன வில்லை இருக்கும். அதைச் சொடுக்கினால் கட்டத்தின் கோடுகள் பக்கத்தின் மேலேயே வரும். ஃபயர்ஃபாக்ஸில் லேஅவுட் பகுதியில் இதே வசதி இருக்கிறது. கேப் இருக்கும் இடம் சாய்கோடு போட்டுத் தெரியும். சாய்கோட்டுக்கு வெளியே தெரியும் வெற்றிடம் எதுவும் கேப் அல்ல. அதைக் கேப்பால் சரிசெய்யவும் முடியாது. குற்றவாளி வேறு ஏதோ ஒன்று.

முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரவுசர் தானாகவே சில டேக்குகளுக்குக் கொடுக்கும் மார்ஜின். அட்டையை டிவ்வாக எழுதாமல் ‘ஃபிகர்’ டேக்கில் எழுதியிருந்தால், அதற்கு இடமும் வலமும் 40 பிக்சல் மார்ஜின் சும்மாவே இருக்கும். 40, 24, 40 என்று இரண்டு படத்துக்கு நடுவே 104 பிக்சல் விழும். எழுத்துக்குப் ‘பி’ டேக் போட்டிருந்தால் மேலும் கீழும் ஒரு வரி அளவு மார்ஜின் உண்டு. சாதாரணப் பக்கத்தில் மேல்கீழாக அடுத்தடுத்து வரும் மார்ஜின்கள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். கிரிட்டுக்குள் இருக்கும் அட்டைகளுக்கு அப்படிக் கரையாது, எல்லாம் கூடிக்கொண்டே போகும். பட்டியலாக ‘யுஎல்’ டேக்கைக் கன்டெய்னர் ஆக்கியிருந்தால் இடப்பக்கம் 40 பிக்சல் பேடிங் இருக்கும், மொத்தக் கட்டமும் வலப்பக்கம் தள்ளி நிற்கும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: அந்த டேக்கின் மார்ஜினையும் பேடிங்கையும் பூஜ்யம் ஆக்கிவிட்டு, வேண்டிய இடத்தை நீங்களே கொடுங்கள்.

அட்டைக்குள் படத்தின் அடியில் நாலைந்து பிக்சல் ஒரு கீற்று தெரிந்தால், படம் எழுத்தோடு எழுத்தாக வரியில் உட்கார்ந்திருக்கிறது. படத்துக்கு ‘டிஸ்ப்ளே: பிளாக்’ கொடுத்தால் மறைந்துவிடும்.

கன்டெய்னருக்குத் திரை முழுவதும் என்று உயரம் கொடுத்திருந்தால், மிஞ்சிய உயரத்தை வரிசைகள் பங்குபோட்டுக்கொண்டு நீளும். கேப் பெரிதானதுபோலத் தோன்றும். ‘அலைன்-கன்டென்ட்: ஸ்டார்ட்’ என்று சொன்னால் வரிசைகள் மேலே கூடிக்கொள்ளும். இதற்கு நேர்மாறாக, அங்கே ‘ஸ்பேஸ்-பிட்வீன்’ என்று யாராவது எழுதியிருந்தால் நீங்கள் கொடுத்த கேப்புக்கு மேல் இன்னும் இடம் சேரும்.

தலைப்பு, விளம்பரம், உள்ளடக்கம் என்று பெயர் வைத்த பகுதிகளாக வரிசைகளைப் போட்டிருக்கும் பக்கத்தில் இன்னொன்று நடக்கும். விளம்பரத்தை மறைத்துவிட்டால் அதன் வரிசை உயரம் பூஜ்யம் ஆகும், ஆனால் வரிசை போகாது. அதற்கு மேலே 24, கீழே 24 என்று இரண்டு கேப்பும் அப்படியே நிற்கும். 48 பிக்சல் வெற்றிடம். விளம்பரம் இல்லாத பக்கத்துக்கு அந்த வரிசையே இல்லாத தனிக் கட்டம் எழுதுவதுதான் சுத்தமான வழி.

கடைசியாக, நம் மொழிக்கே உரிய ஒன்று. ‘கருப்பட்டிக்கடலைமிட்டாய்’ என்று சேர்த்து எழுதிய பெயர் ஒன்று வந்தால், உடைக்க முடியாத அந்தச் சொல் தன் நெடுவரிசையைப் பிடித்து அகலப்படுத்தும். மற்ற நெடுவரிசைகள் ஒடுங்கும், கைபேசியில் பக்கமே பக்கவாட்டில் வழியும். 1எஃப்ஆர் என்று எழுதினாலும் உள்ளே இருக்கும் சொல்லைவிடக் குறுகக் கூடாது என்பது பிரவுசரின் இயல்பான விதி. நெடுவரிசையை ‘மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)’ என்று எழுதி, பெயருக்கு ‘ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்’ கொடுங்கள். கேப்பைக் குறைத்து இதைச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் அடுத்த நீளமான பெயர் வந்ததும் திரும்ப அதே இடத்தில் வந்து நிற்பார்கள்.

இடைவெளியில் கோடு வேண்டுமென்றால்

கேப் என்ற பண்பால் நிறம் கொடுக்க முடியாது; அதன் வழியாகக் கன்டெய்னரின் பின்னணிதான் தெரியும். அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். கன்டெய்னருக்குச் சாம்பல் நிறம், அட்டைகளுக்கு வெள்ளை, கேப் 1 பிக்சல். மெல்லிய கோடுகளால் பிரித்த அட்டவணைபோல வந்துவிடும். எட்டு இனிப்புக்கு நான்கு நெடுவரிசை என்பதால் நமக்குச் சிக்கல் இல்லை. ஏழு இனிப்பு என்றால் கடைசிக் கட்டம் காலியாக, முழுச் சாம்பலாகத் தெரியும். எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் பக்கத்தில் இந்த வழி வேண்டாம். அட்டைக்கே கரை போடுங்கள்.

அட்டைக்குள்ளும் கட்டம்

ஓர் இனிப்பின் பெயர் ஒரு வரி, இன்னொன்றின் பெயர் இரண்டு வரி என்றால் விலைகள் ஒரே கோட்டில் நிற்காது. வெளிக் கட்டத்தின் வரிசைகளையே அட்டையின் உள் கட்டமும் பயன்படுத்திக்கொள்ளும் சப்கிரிட் இதைத் தீர்க்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2019-இலும் சஃபாரி 2022-இலும் குரோம் 2023-இலும் கொண்டுவந்துவிட்டதால் இப்போது தயங்காமல் பயன்படுத்தலாம். ஒவ்வொரு அட்டையையும் ‘கிரிட்-ரோ: ஸ்பேன் 3’ என்று மூன்று வரிசைக்கு நீட்டி, அட்டைக்கும் ‘டிஸ்ப்ளே: கிரிட்’ கொடுத்து, அதன் வரிசைகளுக்கு ‘சப்கிரிட்’ என்று எழுதுங்கள். படங்கள் ஒரு கோட்டில், பெயர்கள் ஒரு கோட்டில், விலைகள் ஒரு கோட்டில் வந்து நிற்கும்.

எழுதிய உடனே படத்துக்கும் பெயருக்கும் நடுவே 40 பிக்சல் பள்ளம் விழும். சப்கிரிட் வெளிக் கட்டத்தின் கேப்பையும் அப்படியே வாங்கிக்கொள்வதுதான் காரணம். அட்டைக்கு மட்டும் ‘ரோ-கேப்: 8பிஎக்ஸ்’ என்று தனியாக எழுதிவிடுங்கள். அட்டைக்கு உள்ளே 8, அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே பழைய 40 என்று இரண்டும் தனித்தனியாக நிற்கும்.